பிள்ளைகளின் முரசும் பெரியவர்களின் மதிப்பெண்ணும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடக்கும் கோடை மாதங்களில், ஏதேனும் ஒரு சிற்றூரின் கால்பந்து மைதானத்தில் மாலை மங்கியதும் விளக்குகள் எரியத் தொடங்க, பித்தளைக் குழலும் முரசும் கொடியும் தாங்கிய சுமார் 150 இளைஞர்கள் ஓடியும் வளைந்தும் சிதறியும் மறுபடி ஒன்றுகூடியும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வாசித்துவிட்டு அகல்வதும், அவர்கள் நின்ற இடத்தில் வேறொரு குழு வந்து நிற்பதும், எல்லாரும் வாசித்து முடித்த பிறகு ஒலிபெருக்கியில் ஒவ்வொரு குழுவுக்கும் இன்ன மதிப்பெண் என்று தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்வரை அறிவிக்கப்படுவதும் பல்லாண்டு வழக்கம். அந்நாட்டார் இதற்கு இட்ட பெயர் டிரம் கோர். விரித்துச் சொன்னால் டிரம் அண்டு பியூகிள் கோர், அதாவது முரசும் ஊதுகொம்பும் கொண்ட படை. கிளாரினெட், புல்லாங்குழல் போன்ற வாத்தியங்களுக்கு இதில் இடமில்லை. இளைஞர் குழுக்களில் 22 வயதைக் கடந்தவருக்கும் இடமில்லை.

பிள்ளைகள் கூடி வாசிப்பதற்கு வெற்றி தோல்வி எதற்கு, அந்த வெற்றி தோல்வி வாசிக்கும் பிள்ளைக்கு உபகாரமா, வாசிக்கப்படும் சங்கீதத்துக்கு உபகாரமா, அன்றி நடத்தும் ஸ்தாபனத்துக்கு மட்டும் உபகாரமா என்ற கேள்வி இவ்வமைப்பின் வயதுக்கு ஏறக்குறைய ஒத்த வயதுடையது. இதற்கு மூன்று விடைகள் பலமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. நான்காவது ஒன்று அதிகமாக எழுதப்படவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் அந்நேரத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பரிமாறும் வரிசையில் பல கோடைகளைக் கழித்தவரின் சார்பு இக்கட்டுரைக்கு உண்டு என்பதை முன்னரே சொல்லிவிடுவது நியாயம்; வேண்டிய அளவு வாசகர் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

யுத்தம் விட்டுச்சென்ற பியூகிள்

முதல் உலக யுத்தம் முடிந்து படைகள் கலைந்தபோது, இராணுவத்துக்குத் தேவையற்றுப்போன பியூகிள்களும் முரசுகளும் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்து, வேறெதிலும் மனம் பொருந்தாமல் ஊர் திரும்பிய வீரர்களும் இருந்தார்கள். 1919-இல் அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் வீரர் சங்கம் நிறுவப்பட்டது. 1921-இல் கான்ஸாஸ் நகரில் கூடிய அதன் மகாநாட்டில் குழுக்களுக்கிடையே தேசியப் போட்டி நடைபெற்றது. தந்தையர் வாசித்ததைப் பிள்ளைகள் பற்றிக்கொண்டனர். அதன்பின் லீஜன் கிளைகள், அயல்நாட்டு யுத்த வீரர் சங்கக் கிளைகள், கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகள், சாரணர் படைகள், காவல்துறைச் சங்கங்கள் ஆகியவற்றின் நிழலில் இளைஞர் குழுக்கள் முளைத்தன. நியூ ஜெர்ஸி மாநிலத்துக் கார்ஃபீல்டில் 1934-இல் ஹோலி நேம் பங்கின் பெயரால் ஒரு குழுவும், 1938-இல் மேடிஸன் நகரில் சாரணச் சிறுவர் குழுவும், 1940-இல் பாஸ்டனில் ஒரு பங்குக் குழுவும், 1948-இல் சிக்காகோவில் சாரணர் படை ஒன்றிலிருந்து கேவலியர்ஸ் என்ற குழுவும் எழுந்தன. 1972-இல் ஒஹையோவின் கான்டன் நகரில் காவலர்கள் தொடங்கிய குழு, அவர்கள் சீருடையின் நிறத்தாலேயே புளூகோட்ஸ் எனப்பட்டது.

இவர்கள் தந்த முதல் விடை எளியது. தெருமுனையில் நிற்கும் பையனைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தி, காலணியைத் துடைக்கவும், நேரத்துக்கு வரவும், பக்கத்தில் நிற்பவனோடு அடி ஒத்து நடக்கவும் பழக்கிவிட்டால் அவன் நல்ல பிரஜையாவான்; ஆனால் காரணமில்லாமல் எந்தப் பையனும் மாதக்கணக்கில் அடி ஒத்து நடக்கமாட்டான் ஆதலால், அண்டைப் பங்குக் குழுவை ஞாயிற்றுக்கிழமை தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசையை அவனுக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது. போட்டி இங்கே தூண்டில் புழு, மீன் கட்டுப்பாடு. சங்கீதம் நடுவே எங்கோ நீர்போலக் கிடந்தது என்று சொன்னால் அது அதிகமாகாது.

இவ்விடையின் பலம், அது பணமில்லாத பிள்ளையை விலக்கவில்லை என்பது. வாத்தியம் குழுவினுடையது, பயிற்சி நடந்து போகும் தூரத்தில், செலவுக்குப் பங்குக் கோயில் கூடத்தில் பிங்கோ ஆட்டம். பலவீனங்களும் அதே மண்ணில் விளைந்தன. பங்கு எந்த இனத்தாருடையதோ குழுவும் பெரும்பாலும் அவ்வினத்தாருடையதாயிற்று. பெண்பிள்ளைகளுக்கென்று நியூ ஜெர்ஸியின் ஆடுபன் பான் பான்ஸ் போன்ற தனிக்குழுக்கள் சில இருந்தனவாயினும், புகழ்பெற்ற குழுக்கள் பல ஆண்களுக்கே உரியவையாய் நெடுங்காலம் இருந்தன. மேடிஸன் குழு எல்லாருக்கும் கதவு திறப்பதாக அறிவித்தது 2019-இல்தான். அன்றியும் நல்ல பிரஜை என்ற இலக்கணத்தை வகுத்தவர்கள் யுத்தம் கண்ட மூத்தவர்கள். வகுக்கப்பட்டவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிழையை எண்ணிய காலம்

அக்கால மதிப்பீட்டு முறை அந்த விடையின் நேரடி வடிவம் என்பதால் அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவர்கள் அட்டையும் பென்ஸிலுமாக வரிசைகளுக்குள் புகுந்து நடப்பார்கள். ஒரு முரசுக் குச்சி கால்வாசி நொடி பிந்தி விழுந்தால் அட்டையில் ஒரு கோடு; ஒரு பாதம் வரிசையைவிட்டு முன்னே நின்றால் இன்னொரு கோடு. இக்கோட்டுக்கு 'டிக்' என்று பெயர். ஒவ்வொரு டிக்குக்கும் மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு கழியும். இராணுவ ஆய்வைப்போல உடையையும் காலணியையும் சோதித்து அதற்கும் கழித்த காலம் உண்டு. நிறைவிலிருந்து தொடங்கி, குறைகளைக் கழித்துக்கொண்டே வந்து, எஞ்சுவதே ஒரு குழுவின் தகுதி.

இம்முறையின் ஆதரவாளர் சொன்ன நியாயம் அற்பமானதன்று. பிழை என்பது கண்ணால் காணக்கூடியது. நடுவரின் ருசி அதில் கலவாது. ஏழைப் பங்கின் குழுவும் பணக்காரக் குழுவும் ஒரே அளவுகோலுக்கு உட்படுகின்றன. மறுப்போர் வாதமும் அவ்வளவே உறுதியானது: பிழைக்கு மட்டும் விலை வைத்தால், பிழைக்கு இடந்தராத சுலபமானதையே வாசிப்பது புத்திசாலித்தனமாகிவிடும், கடினமானதைத் துணிந்து தொட்டவனுக்குத் தண்டனை, தொடாதவனுக்குப் பரிசு. 1984-ஆம் ஆண்டுப் பருவத்தோடு டிக் முறை கைவிடப்பட்டு, செய்ததைக் கூட்டி எண்ணும் முறை வந்தது. இன்றைய நூறு மதிப்பெண்ணில் 40 பொதுத் தாக்கத்துக்கு, முப்பது முப்பது இசைக்கும் காட்சிக்கும். தாக்கம் என்பது யார் நெஞ்சில் ஏற்பட்ட தாக்கம் என்ற வினா அன்று எழுந்தது, இன்றுவரை உட்காரவில்லை.

கலை என்ற விடை

இரண்டாவது விடைக்காரர்கள் பயிற்றுநர்களும் இயக்குநர்களும். விதிகளையும் நுழைவுச் சீட்டு வருமானத்தையும் வீரர் சங்கங்கள் தம் கைக்குள் வைத்திருந்தமை அவர்களுக்குக் கசந்தது. வயோமிங் மாநிலத்து ட்ரூப்பர்ஸின் ஜிம் ஜோன்ஸ், கேவலியர்ஸின் டான் வாரன் முதலியோர் முன்னின்று 1971-இல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற ஸ்தாபனத்துக்கு வழிவகுத்தனர். 1972-இல் விஸ்கான்ஸினின் வைட்வாட்டரில் அதன் முதல் சாம்பியன் பட்டத்தைக் கலிபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. போட்டி இங்கேயும் இருந்தது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் மாறிவிட்டது. ஒரு குழு கண்டுபிடித்ததை மற்றது அடுத்த கோடையில் மிஞ்சியாக வேண்டியிருப்பதால் கலை வளர்கிறது என்பது புதிய சித்தாந்தம்.

வளர்ந்தது என்பதற்குச் சான்றுகள் குறைவில்லை. ஒற்றை வால்வு பியூகிளில் அகப்படாத சுரங்களை எட்ட 1977-இல் இரண்டாம் வால்வும், 1990-இல் மூன்றாம் வால்வும் அனுமதிக்கப்பட்டன. 2000-இல் ஜி சுருதி பியூகிள்தான் வேண்டுமென்ற விதியும் போயிற்று. 2004-இல் ஒலிபெருக்கியும் 2009-இல் மின்னணு வாத்தியங்களும் வந்தன. இராணுவ நடை நடந்த கால்கள் ஓடவும் ஆடவும் கற்றன. 1983 தொடங்கி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற கார்ஃபீல்ட் குழுவுக்கு ஜார்ஜ் ஜிங்காலி வகுத்த அணி உருவங்களில், கோடு வளைவாகி வளைவு உடைந்து மறுபடி சேர்வதைக் கண்டவர்கள் பழைய சதுரங்களுக்குத் திரும்ப மனங்கொள்ளவில்லை.

ஆனால் இவ்விடைக்குள்ளேயே ஒரு முள் இருக்கிறது. 1993-இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு, பார்பரின் 'மீடியா'வையும் பார்டோக்கின் தந்தி வாத்திய, தாள வாத்தியப் படைப்பொன்றையும் எடுத்து, கைதட்டலுக்கென்று இடைவெளி விடாத கடும் நிகழ்ச்சி ஒன்றை அமைத்தது. இறுதியில் கார்ஃபீல்டில் பிறந்த கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. பத்தில் ஒரு பங்கு. பழைய கணக்கில் ஒரே ஒரு டிக். அதன்பின் ஸ்டார் போட்டிக்களத்துக்கு வரவேயில்லை. அரங்க நிகழ்ச்சியாக மாறி, 'பிளாஸ்ட்' என்ற பெயரில் பிராட்வே ஏறி, 2001-இல் டோனி விருதும் பெற்றது. போட்டிதான் கலையை வளர்க்கிறது என்போர், போட்டி இல்லாதிருந்தால் ஸ்டார் அவ்வுயரத்துக்கு வந்தேயிராது என்பார்கள். எதிர்ப்போர், வளர்ந்ததும் அது முதலில் கழற்றி எறிந்த சுமை போட்டிதானே என்பார்கள். ஒரே சம்பவம் இருதரப்புக்கும் இவ்வளவு ஒழுங்காகச் சாட்சி சொல்வது அபூர்வம்.

இன்னொரு பலவீனம் எண்ணிக்கை. 1970-களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த இளைஞர் குழுக்கள் இன்று சில பத்துக்களாகச் சுருங்கிவிட்டன. நாடு முழுதும் சுற்றும் பயணமும், விலையேறிய வாத்தியங்களும், சம்பளம் பெறும் வடிவமைப்பாளர்களும் சிறு குழுக்களைக் கொன்றன என்பது ஒரு குற்றச்சாட்டு. பெட்ரோல் விலை ஏறியதும், நகர மையத்துப் பங்குகள் தேய்ந்து குடும்பங்கள் புறநகருக்குப் பெயர்ந்ததும், பள்ளிக்கூட அணிவகுப்புக் குழுக்கள் பெருகிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டதும் காரணம் என்பது சமாதானம். இரண்டிலும் உண்மை உண்டு எனலாம். எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

போட்டியே வேண்டாம் என்போர்

மூன்றாவது விடை பெரும்பாலும் களத்துக்கு வெளியிலிருந்து வந்தது; சுருக்கமாகவே பார்க்கலாம். 1923-இல் சிக்காகோவில் பள்ளிக்கூடப் பேண்டுகளுக்கு முதல் தேசியப் போட்டி நடந்தபோது அதற்குப் பணம் தந்தவர்கள் வாத்திய உற்பத்தியாளர்கள். ஆகையால் இதில் வியாபாரியின் கை ஆதியிலேயே உண்டு என்று இவர்கள் நினைவூட்டுவார்கள். முதலிடம், இரண்டாமிடம் என்று அடுக்குவது பிள்ளைகளைப் புண்படுத்துகிறது என்று கருதிய ஆசிரியர்கள் 1930-களில் இடவரிசையை நீக்கித் தரப்பிரிவைப் புகுத்தினார்கள். 1986-இல் ஆல்ஃபி கோன் எழுதிய 'நோ கான்டெஸ்ட்' என்ற நூல், பிறரை வெல்வதற்காகச் செய்யப்படும் எக்காரியத்திலும் அக்காரியத்தின்மேல் உள்ள இயல்பான ஆசை வற்றிவிடும் என்று வாதித்தது.

கேட்க இனிமையான இவ்வாதத்தின் தொல்லை அநுபவத்தில் இருக்கிறது. தரப்பிரிவு வந்த இடங்களில் முதல் தரம் என்பதே புதிய முதலிடமாகிவிட்டது. இங்கிலாந்தில் மில் தொழிலாளர் பித்தளைக் குழுக்களின் போட்டி 1853-இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் தொடங்கியது. அக்குழுக்கள் தலைமுறைகள் கடந்து உயிரோடிருப்பதற்குப் போட்டியும் ஒரு காரணம் என்று அவற்றின் வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். பரீட்சைத் தேதி இல்லாத படிப்பைப்போல, போட்டித் தேதி இல்லாத ஒத்திகை எந்த இரவும் நாளைக்கு ஒத்திப்போகக்கூடியது.

அடுப்படியிலிருந்து பார்த்தால்

மேற்கண்ட மூன்று தரப்பாரும் மைதானத்தின் நடுவில் நடக்கும் பன்னிரண்டு நிமிஷத்தைக் குறித்தே பேசினார்கள். எஞ்சிய சுமார் இருபத்துமூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது. அந்நேரத்தின் சாட்சிகள் தொண்டர்கள்: பெற்றோர், பழைய உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை, லாரி ஓட்டத் தெரிந்த சித்தப்பா.

நெடுஞ்சாலை லாரி ஒன்றின் பின்பெட்டியைச் சமையலறையாக மாற்றியிருப்பார்கள். வாசிப்போரும் பயிற்றுநரும் தொண்டரும் சேர்ந்து 200 பேர் என்று கொண்டால், காலை, மதியம், மாலை, நிகழ்ச்சி முடிந்த பின் நள்ளிரவுத் தீனி என்ற நான்கு வேளைக்கும் நாளொன்றுக்கு 800 தட்டு. அது முடிந்து பாத்திரம் கழுவியதும் வண்டி புறப்படும். பிள்ளைகள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். விடியுமுன் வேறொரு ஊரின் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் காற்று மெத்தை விரித்து மிச்சத் தூக்கம். பிறகு வெயிலில் ஒத்திகை. களத்துக்குப் போகும் கடைசி நிமிஷத்தில், தொப்பி வைத்திருக்கும் குழுவானால், உறையிலிருந்து இறகை எடுத்து ஒவ்வொரு தொப்பியிலும் செருகுபவரும் ஒரு தொண்டர்தான். அவர் விரலுக்கும் பிள்ளையின் நெற்றிக்கும் இடையே நாலு அங்குலம். அந்தத் தூரத்திலிருந்து தெரிவது நடுவரின் உயரமான இருக்கையிலிருந்து தெரியாது: யார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யார் கணுக்கால் வீக்கத்தைக் காலுறைக்குள் மறைக்கிறார், யாருடைய விரல்களில் பிளாஸ்திரி கூடிக்கொண்டே போகிறது என்பவை.

இங்கிருந்து பார்த்தவர்களின் விடையை இப்படித் தொகுக்கலாம். போட்டி நல்லதா என்று பொதுவில் கேட்பதற்குமுன், அப்போட்டிக்கு வந்து சேர என்ன விலை, வந்தவரை யார் காக்கிறார் என்று கேட்க வேண்டும். நடந்து வந்து சேர்ந்த இடத்தில் இன்று பல மாநிலங்களுக்கப்பாலிருந்து விமானம் ஏறிக் குளிர்காலத் தேர்வு முகாம்களுக்கு வருகிறார்கள். ஒரு கோடைக்குக் கட்டணம் பல ஆயிரம் டாலர். சம்பளம் தரும் கோடை வேலையையும் அதற்காக விட வேண்டும். தெருமுனைப் பையனைத் திருத்துவதற்கென்று தொடங்கியது தெருமுனைப் பையனால் எட்ட முடியாததாகிவிட்டதென்றால், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்ற கதையில் கூழ் யாருடைய கலயத்திலிருந்து போயிற்று என்று பார்ப்பதில் தவறில்லை.

ஆயினும் தொண்டர் பார்வையின் குறைகளையும் மறைக்கலாகாது. பழைய நாள் பொன்னாள் என்று எண்ணும் பழக்கம் அதற்கு உண்டு; பங்குக் கோயில் குழுக்களில் யாருக்கு இடமில்லாதிருந்தது என்பதை அது எளிதில் மறக்கும். அதைவிடப் பெரிய குறை விசுவாசம். சம்பளமின்றி உழைப்பவர் தாம் உழைக்கும் ஸ்தாபனத்தைக் குறைசொல்லக் கூசுவார். அக்கூச்சத்தை நம்பியே சில தலைவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். 2018-இல் மிகப் புகழ்பெற்ற ஒரு குழுவின் நெடுநாள் இயக்குநர்மீது பெண்கள் பலர் கூறிய பாலியல் குற்றச்சாட்டுகள் பத்திரிகையில் வெளியாகி அவர் பதவி விலக நேர்ந்தபோது, அத்தனை தட்டுகளை எண்ணியவர்கள் ஏன் இதை எண்ணவில்லை என்ற கேள்வி அடுப்படிக்கும் வந்தது. இரவு பகலாகப் பிள்ளைகளுக்கு அருகில் இருந்ததாகப் பெருமை கொள்வோர் இக்கேள்விக்குத் திருப்தியான பதில் சொல்லிவிட்டார்கள் என்று எழுத இயலவில்லை. அதற்குப் பின்னரே, தொண்டர் உள்ளிட்ட யாவரின் பூர்வோத்தரத்தையும் விசாரிப்பது, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கலாகாது என்பது போன்ற விதிகள் கடுமையாயின.

முடிவாகாதவை

கட்டுப்பாடு என்ற விடை, அதைத் தாங்கி நின்ற பங்குகளோடும் சங்கக் கிளைகளோடும் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது; ஆயினும் பெற்றோர் பலர் பணம் கட்டும்போது மனத்தில் வைத்திருப்பது அதைத்தான் என்று தோன்றுகிறது. கலை என்ற விடையே இன்று ஆட்சியில் இருக்கிறது. 2014-இல் புளூ டெவில்ஸ் குழு 99.65 பெற்றபோது, நூறை நெருங்கிவிட்ட அளவுகோல் இனி எதை அளக்கும் என்ற ஐயத்தை அது தனக்குத்தானே உண்டாக்கிக்கொண்டது. போட்டியை மறுக்கும் விடைக்கு, டிரம் கோர் இன்டர்நேஷனலே சிறு குழுக்களுக்காக நடத்தும் சவுண்ட்ஸ்போர்ட் என்ற நிகழ்ச்சியில், ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே தரம் பார்க்கும் வகையில், ஒரு மூலை கிடைத்திருக்கிறது. அம்மூலை வளருமா என்று இப்போது சொல்வது அவசரம்.

மதிப்பெண்ணுக்கும் ஒரு குழுவின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பும் தெளிவாகவில்லை. 1934-இல் கார்ஃபீல்டில் பிறந்து பத்து முறை டிரம் கோர் இன்டர்நேஷனல் பட்டம் வென்ற கேடட்ஸ், வழக்குச் சுமையாலும் கடன் சுமையாலும் 2024-இல் மூடப்பட்டது. மூன்று பட்டங்களுக்கு மேல் வென்ற சான்டா கிளாரா வான்கார்டு, பணமுடையால் 2023-ஆம் ஆண்டுக் கோடையைத் துறந்து, மறுவருஷம் திரும்பியது. 1940-இல் பாஸ்டன் பங்கொன்றில் பிறந்த குரூஸேடர்ஸோ எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2025-இல், முதல் தடவையாக அந்தப் பட்டத்தை வென்றது. வெற்றி ஒரு குழுவைக் காப்பாற்றும் என்றோ, தோல்வி அழிக்கும் என்றோ இம்மூன்றைக் கொண்டு ஒருவரும் நிறுவ முடியாது.

எல்லாவற்றிலும் கடினமானது, வராதவர்களைப் பற்றிய கேள்வி. ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் இரவும் பெற்ற மதிப்பெண் 1972 தொட்டு ரசிகர்களால் அக்கறையோடு திரட்டப்பட்டிருக்கிறது. நவம்பர் முகாமில் நன்றாக வாசித்துவிட்டு, கட்டணத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், டிசம்பர் முகாமுக்கு வராமற்போன பிள்ளைகளின் பெயர்கள் பதிவுமேஜையில் உட்கார்ந்த தொண்டர்களின் நோட்டுகளில், வருகைக் குறி இல்லாத வெற்றுக் கட்டங்களாக, இருக்கின்றன. அந்நோட்டுகள் பருவம் முடிந்ததும் பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன.